சுகர் கிளினிக்கில் ஏஐ கண் பரிசோதனை: நோயாளிகள் நம்பி வந்து உட்காருவார்களா?

ஓபி_பொறுப்பு கேட்டது:

தாலுகா ஊரில் இருக்கும் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்காகக் கேட்கிறேன். சுகர் கிளினிக் பதிவேட்டில் சுமார் 1,800 பேர். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். கண் டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருகிறார். "வருசத்துக்கு ஒரு தடவ கண்ணக் காட்டுங்க" என்று நோட்டில் எழுதிக் கொடுத்தாலும் பாதிப் பேர் போவதில்லை. பார்வை மங்கிய பிறகுதான் வருகிறார்கள்.

அதனால் கண்ணின் பின்பக்க விழித்திரையைப் படம் எடுக்கும் ஃபண்டஸ் கேமரா ஒன்றும், படத்தைப் பார்த்து விழித்திரையில் சுகர் பாதிப்பு இருக்கிறதா என்று சொல்லும் ஏஐ மென்பொருளும் வாங்கலாமா என்று நிர்வாகத்தில் பேச்சு ஓடுகிறது. விற்க வந்தவர்கள் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் என்கிறார்கள்.

எனக்குக் கவலை எண்ணைப் பற்றி மட்டும் இல்லை. டாக்டர் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசினால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி வரும் என்று நினைக்கிறவர்கள் இவர்கள். கம்ப்யூட்டர் "ஒன்றுமில்லை" என்றால் நம்புவார்களா? "கண் டாக்டரைப் பார்" என்றால் போவார்களா? நிர்வாகத்தில் ஒருவர், "ஏஐ என்று சொல்லவே வேண்டாம், ரிப்போர்ட்டில் டாக்டர் பெயரைப் போட்டுவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மென்பொருள் தவறவிட்டால் யார் பதில் சொல்வது? இந்த வேலையில் இருப்பவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

ரெட்டினா_அறை எழுதியது:

ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனை) பக்கம் இருந்து சொல்கிறேன். நம்பிக்கை கூடுவதும் உடைவதும் கேமரா அறையில்தான். மென்பொருள் அதற்குப் பிறகு வருகிறது.

தாய்லாந்தில் பதும்தானி, சியாங் மாய் பகுதிகளில் 11 கிளினிக்குகளில் கூகுளின் விழித்திரை ஏஐயை வைத்துப் பார்த்தார்கள். 2020இல் அந்தக் கள ஆய்வு வெளியானது. அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை மென்பொருள் "பார்க்க முடியாது" என்று தள்ளிவிட்டது. காரணம் சாதாரணமானது. பல இடங்களில் தனியாக இருட்டறை இல்லை. அதே அறையில் மற்ற நோயாளிகளையும் பார்க்க வேண்டியிருந்ததால் விளக்கை அணைக்க வழியில்லை. இணையம் மெதுவாக இருந்த இடத்தில் படம் ஏறுவதற்குள் வரிசை நீண்டது. அங்கே வந்தவர்களின் தயக்கம் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியது அல்ல. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ, ஒரு நாள் கூலி போய்விடுமோ என்பதுதான். நம் ஊர் ஓபி வரிசையில் நிற்பவர்களுக்கும் இதே கவலைதான் இருக்கும்.

ஆகவே முதலில் அறை. எட்டடிக்கு எட்டடி போதும், ஆனால் கதவுக்கு அடியில்கூட வெளிச்சம் வரக்கூடாது. கறுப்புத் திரை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். மருந்து விடாமல் எடுக்கும் கேமராவுக்குக் கண் பாப்பா (நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) தானாக விரிய வேண்டும், ஏறக்குறைய 4 மி.மீ. அதற்கு நோயாளி இருட்டில் மூன்று முதல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவர் செல்போனை எடுத்துப் பார்த்தால் அத்தனையும் வீண். ஒரு கண்ணில் ஃபிளாஷ் அடித்ததும் இரண்டு பாப்பாவும் சுருங்கும். உடனே அடுத்த கண்ணை எடுக்கிறவர்கள்தான் அதிகம். மூன்று நிமிடமாவது விட வேண்டும்.

ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு படம்: மாகுலாவை (நடுப் பார்வைக்கான இடம்) நடுவில் வைத்து ஒன்று, டிஸ்க்கை (பார்வை நரம்பு தொடங்கும் வட்டம்) நடுவில் வைத்து ஒன்று. எடுக்கும் முன் "ரெண்டு தடவ கண்ணச் சிமிட்டிட்டு நல்லாத் திறங்க" என்று சொல்லுங்கள். கண்ணீர்ப் படலம் சமமாகப் பரவினால் மங்கல் குறையும். படத்தின் கீழ்ப்பக்கம் கறுப்பு நிழல் விழுந்தால் இமைமுடி. ஓரத்தில் பிறை மாதிரி வெள்ளை மூட்டம் வந்தால் கேமரா பாப்பாவின் நடுவுக்கு வரவில்லை. அடுத்தடுத்து மூன்று பேர் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி தெரிந்தால் அது யார் கண்ணிலும் இல்லை, லென்ஸில் இருக்கிறது. அந்தத் தூசியை ரத்தக் கசிவு என்று மென்பொருள் எண்ணிவிட்டால், நல்ல கண்ணோடு வந்தவர் பயந்துபோய் வியாழக்கிழமை வரிசையில் நிற்பார். தினமும் காலையில் முதலில் காற்றுப் பந்தால் ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் பேப்பரில் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். முந்தானையோ கைக்குட்டையோ கிட்டவே வரக்கூடாது.

இன்னொன்று, வலது இடது மாறிப்போவது. மாகுலாவை நடுவில் வைத்து எடுத்த வலது கண் படத்தில் டிஸ்க் வலப்பக்கம் இருக்கும், இடது கண்ணில் இடப்பக்கம். பதிவு செய்யும் முன் இதை ஒரு நொடி பார்த்துக்கொண்டால் போதும். "இடது கண்ணில் பாதிப்பு" என்ற ரிப்போர்ட்டோடு போனவரின் வலது கண்ணில்தான் கோளாறு என்று கண் டாக்டர் சொன்னால், அந்தக் கிளினிக் கொடுக்கும் எந்தக் காகிதத்தையும் அந்தக் குடும்பம் நம்பாது.

முக்கியமான சிக்கல் இதுதான். பல வருடம் சுகர் உள்ளவர்களுக்குப் பாப்பா சரியாக விரியாது. வயதானவர்களுக்குக் கண்புரை மறைக்கும். அதாவது யாருக்குப் பாதிப்பு இருக்க வாய்ப்பு அதிகமோ அவர்கள் படம்தான் அதிகமாகத் தள்ளப்படும். "படம் தெளிவில்லை" என்று வந்தால் அதை "ஒன்றுமில்லை" பக்கம் சேர்க்கவே கூடாது. இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டியவர் என்றே எழுதுங்கள்.

நோயாளியிடம் பேசும் பேச்சை எழுதி வைத்து எல்லாரும் ஒரே மாதிரி சொல்லப் பழகுங்கள். இப்படி:

"அம்மா, சுகர் கண்ணுக்குப் பின்னாடி இருக்குற நரம்புத் திரையப் பாதிக்கும். ஆரம்பத்துல வலிக்காது, மங்காது. அதனால ஒரு போட்டோ எடுத்துப் பாக்குறோம். ஊசி கிடையாது. பளிச்சுனு ஒரு வெளிச்சம் அடிக்கும், அவ்வளவுதான். படத்த முதல்ல கம்ப்யூட்டர் பாக்கும். அது சந்தேகப்பட்டா வியாழக்கிழம கண் டாக்டர் பாப்பாங்க. சந்தேகம் இல்லனா அடுத்த வருசம் இதே மாசம் வந்து திரும்ப எடுக்கணும். நடுவுல கண்ணுல பூச்சி பறக்குற மாதிரியோ, திரை விழுந்த மாதிரியோ இருந்தா இந்த ரிப்போர்ட்ட நம்பி இருக்காதீங்க, அன்னைக்கே வாங்க."

கடைசி வாக்கியத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. 45 டிகிரி கோணத்தில் எடுக்கும் இந்தப் படத்தில் விழித்திரையின் ஓரம் வராது. கண் அழுத்தம் தெரியாது. மென்பொருள் எதற்குப் பழக்கப்பட்டதோ அதை மட்டும்தான் பார்க்கிறது. ரிப்போர்ட்டில் "கண் நன்றாக உள்ளது" என்று அச்சடிக்காதீர்கள். "சிகிச்சைக்கு அனுப்பும் அளவுக்குச் சுகர் பாதிப்பு இந்தப் படங்களில் தெரியவில்லை" என்று அடியுங்கள். நீளமான வாக்கியம்தான், ஆனால் அதுதான் உண்மை.

---

எண்ணும்_கண்ணும் எழுதியது:

95 சதவீதம் என்று ஒரே எண்ணைச் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: எதில் 95? நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பது ஒன்று. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுவிக்கிறது என்பது வேறொன்று. இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

இந்தத் துறையின் கதையே நம் பக்கத்தோடு சேர்ந்ததுதான். 2016இல் வெளியான கூகுள் ஆய்வில் மென்பொருளைப் பழக்கிய 1,28,175 படங்கள் அமெரிக்காவிலிருந்தும் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. சேமித்து வைத்திருந்த படங்களில் சோதித்தபோது நோயைப் பிடிக்கும் அளவு 97.5 சதவீதம் வரை போனது. பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரில் வந்த 3,049 பேரிடம் பார்த்தார்கள், 2019இல் வெளியானது. பிடிக்கும் அளவு அரவிந்தில் 88.9, சங்கர நேத்ராலயாவில் 92.1. விடுவிக்கும் அளவு 92.2, 95.2. இறங்கியிருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் படம் பார்த்த மனிதர்கள் பிடித்த அளவு ஆளுக்கு ஆள் 73.4 முதல் 89.8 வரை இருந்தது. இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பேசினால்தான் நியாயம்.

சென்னையில் ஃபோன் கேமராவும் வேறொரு மென்பொருளும் வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது, 296 பேர். ஏதாவது ஒரு பாதிப்பைப் பிடிக்கும் அளவு 95.8. விடுவிக்கும் அளவு 80.2 மட்டும். இந்த வித்தியாசம் உங்கள் கிளினிக்கில் எப்படி வந்து விழும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 100 பேருக்குக் கண் டாக்டர் பார்க்க வேண்டிய பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் பிடிப்பது 90 சதவீதம், விடுவிப்பது 92 சதவீதம். 100 பேரில் 90 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் தப்பிவிடுவார்கள். பாதிப்பு இல்லாத 900 பேரில் 72 பேரையும் "டாக்டரைப் பார்" என்று அனுப்பும். ஆக அனுப்பப்படுவது 162 பேர், அதில் உண்மையாகவே பாதிப்பு உள்ளவர் 90. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். விடுவிக்கும் அளவு 80 என்றால் வீணாக அலைபவர் 72 இல்லை, 180.

இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், வியாழக்கிழமை போய் "ஒண்ணுமில்ல, போங்க" என்று கேட்டுத் திரும்பியவர் ஊருக்குள் போய், மிஷின் பொய் சொல்லுது என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. "சந்தேகம் வந்தா அனுப்புவோம், பாதிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா மீதிப் பேருக்குப் பார்வையைக் காப்பாத்தலாம்" என்று அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும்.

மறுபக்கம் அந்தத் தப்பிய 10 பேர். "சந்தேகம் இல்லை" என்று போன 838 பேரில் 10, அதாவது நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். இந்தப் பத்துப் பேருக்காகத்தான் வருடா வருடம் திரும்ப எடுக்க வேண்டும் என்பது. ஒரு தடவை எடுத்துவிட்டு மூன்று வருடம் கழித்து வாருங்கள் என்று நிர்வாகம் செலவைக் குறைக்கப் பார்த்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் அறையில், உங்கள் கேமராவில், உங்கள் நோயாளிகளிடம் சோதிக்கக் கேளுங்கள். 300 பேராவது. ஏஐ சொன்னது தெரியாமல் கண் டாக்டரும் அதே படங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை: 300 பேரில் 30 பேருக்குத்தான் பாதிப்பு இருந்து, 27 பேரை மென்பொருள் பிடித்தால் காகிதத்தில் 90 சதவீதம் என்று வரும். ஆனால் இவ்வளவு குறைந்த ஆட்களில் உண்மையான அளவு 74க்கும் 97க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் மூன்று மாதக் கணக்கை வைத்து விளம்பரத் தட்டி வைக்காமல் தொடர்ந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். மென்பொருளின் பதிப்பு மாறினால் திரும்பவும் சோதனை. பதிப்பு எண் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அச்சாக வேண்டும்.

வெளியே சோதிக்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் (கிருமித் தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) எச்சரிக்கை மென்பொருள் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. 2021இல் ஒரு மருத்துவமனைத் தரவை வைத்து வெளியார் ஆராய்ந்தபோது செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது. அதே சமயம் சேர்ந்திருந்த எல்லா நோயாளிகளிலும் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்திருந்தது. சதா மணி அடித்தால் நர்ஸ் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். நோயாளிக்கு முன்னால் நம்பிக்கை இழப்பது ஊழியர்கள்தான். அவர்கள் முகத்தைப் பார்த்தே நோயாளி தெரிந்துகொள்வார்.

---

சுகர்_ஓபி எழுதியது:

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் என் கருத்து கொஞ்சம் வேறு. நோயாளி இயந்திரத்தை நம்புவாரா என்பதைப் பெரிதாக்க வேண்டியதில்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) அளவை ஒரு இயந்திரம்தான் சொல்கிறது. 9.2 என்று வந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏனென்றால் அந்தத் தாளை ஒரு டாக்டர் கையில் எடுத்துப் பார்த்து, மாத்திரையைக் கூட்டி, மூன்று மாதம் கழித்து வா என்கிறார். கண் ரிப்போர்ட்டும் அப்படி என் மேஜைக்கு வந்து நான் வாசித்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். கேமரா அறையிலேயே தாளை நீட்டி "கம்ப்யூட்டர் சொல்லிருச்சு, போங்க" என்றால் ஏற்க மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கருத்துக் கணிப்பும் அதே திசையில்தான் இருக்கிறது. 2023இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் கேட்டது. தன் டாக்டர் நோயைக் கண்டறியவும் சிகிச்சை சொல்லவும் ஏஐயை நம்பியிருந்தால் சங்கடமாக இருக்கும் என்றவர்கள் 60 சதவீதம். டாக்டருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு கெடும் என்றவர்கள் 57. ஆனால் ஏஐயால் சிகிச்சையின் பலன் மோசமாகும் என்றவர்கள் 33 சதவீதம்தான், நன்றாகும் என்றவர்கள் 38. அதாவது கணக்குத் தவறும் என்பதைவிடத் தன்னைக் கவனிக்க ஆள் இருக்காது என்பதில்தான் பயம் கூடுதல். 2019இல் வந்த ஒரு நுகர்வோர் ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது: "என் உடம்பு எல்லாரையும் போல இல்லை, அது இயந்திரத்துக்குப் புரியாது" என்ற எண்ணம்தான் தடை. நம் நோயாளிகளும் "என் உடம்பு வாகு வேற டாக்டர்" என்று சொல்வார்கள் அல்லவா, அதுவேதான்.

அதற்கு மருந்து இரண்டு நிமிடப் பேச்சு. படத்தைத் திரையில் காட்டுங்கள். "இந்தச் சிவப்புப் புள்ளி பாருங்க, ரத்தக் குழாய் இங்க வீங்கியிருக்கு. இந்த மஞ்சள் திட்டு கொழுப்புக் கசிவு. இது நடுப் பார்வைக்குப் பக்கத்துல இருக்கு" என்று அவருடைய கண்ணையே அவருக்குக் காட்டினால் எந்த மென்பொருள் சொன்னது என்பது பின்னுக்குப் போய்விடும். போன வருடப் படத்தை அருகில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. சுகர், பிரஷர், யூரின் ஆல்புமின் மூன்றையும் அதே இடத்தில் சேர்த்துப் பேசுங்கள்.

எனக்குப் பயம் நோயாளி நம்பாமல் போவது அல்ல. டாக்டர் அளவுக்கு மீறி நம்பிவிடுவது. 2023இல் வந்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) சோதனை ஒன்றில் 27 ரேடியாலஜிஸ்ட்கள் (எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர்கள்) 50 படங்களைப் பார்த்தார்கள். ஏஐ சொன்னதாகக் காட்டி வேண்டுமென்றே சில படங்களுக்குத் தவறான பதில் வைக்கப்பட்டது. அனுபவம் குறைந்தவர்கள், ஏஐ சரியாகச் சொன்னபோது ஏறக்குறைய 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அது தவறாகச் சொன்னபோது 20க்குக் கீழே இறங்கினார்கள். மிக அனுபவம் உள்ளவர்களே 82இலிருந்து 45க்கு வந்துவிட்டார்கள். ஆகவே வியாழக்கிழமை டாக்டர் முதலில் படத்தைப் பார்த்துத் தன் முடிவை எழுதட்டும், பிறகு ஏஐ ரிப்போர்ட்டைத் திறக்கட்டும். வரிசை மாறினால் இரண்டாவதாகப் பார்க்க ஆள் இருந்தும் இல்லாததுதான்.

"சந்தேகம் இல்லை" என்று வந்தவற்றிலும் மாதம் 20 படத்தைக் கண்ணை மூடி உருவி எடுத்து அவரிடம் காட்டுங்கள்.

---

மருத்துவச்_சட்டம் எழுதியது:

டாக்டர் பெயரை மட்டும் போட்டு ஏஐயை மறைக்கலாம் என்ற யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள். டாக்டர் பார்க்காத படத்துக்கு அவர் பார்த்ததாகப் பெயர் போடுவது பொய் ஆவணம். வழக்கு என்று வந்தால் நிற்காது. எல்லாருக்கும் முழு இலவசமாகத் தருவதைத் தவிர மற்ற மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. தன் உடம்பில் என்ன செய்யப்படுகிறது என்று போதிய விவரம் தெரிந்து சம்மதிக்கும் உரிமை பற்றி 2008இல் சமீரா கோலி வழக்கில் விரிவாகச் சொன்னது.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறியில் தெளிவாக இருக்கிறது: ஏஐ தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே செய்யலாம், மருத்துவருக்கு உதவியாக ஏஐ இருக்கலாம். 2023இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட ஏஐ அறநெறி வழிகாட்டியும் மனிதர் மேற்பார்வையையும் சம்மதத்தையும் வலியுறுத்துகிறது. நோயைக் கண்டறியப் பயன்படும் மென்பொருளும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வருகிறது. ஆகவே விற்பவரிடம் அதற்கான உரிமம் அல்லது பதிவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். "வெளிநாட்டில் அனுமதி இருக்கிறது" என்பது போதாது.

யார் பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நோயாளியைப் பொறுத்தவரை மருத்துவமனையும் கையெழுத்திட்ட டாக்டரும்தான். அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் டாக்டர் குறுக்கே வராமல் தானாக முடிவு சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கண் மென்பொருளுக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அங்கே அனுமதிக்கும் எஃப்டிஏ அமைப்பு அனுமதி தந்தது. 900 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில் பிடிக்கும் அளவு 87.2, விடுவிக்கும் அளவு 90.7. முடிவு தன்னுடையது என்பதால் பொறுப்புக் காப்பீட்டையும் அந்த நிறுவனமே எடுத்தது. உங்களுக்கு விற்பவர் அப்படி எழுதித் தருவாரா என்று கேளுங்கள். தர மாட்டார் என்றால் பொறுப்பு முழுவதும் உங்களிடம்தான் என்று தெரிந்தே கையெழுத்திடுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரி ஒன்று: நோயாளிகளின் படங்களை மென்பொருளை மேலும் பழக்கப் பயன்படுத்திக்கொள்வோம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். "பரிசோதனைக்குச் சம்மதம்" ஒரு கட்டம், "படத்தை வேறு வேலைக்குக் கொடுக்கச் சம்மதம்" வேறு கட்டம். இரண்டாவதை மறுத்தவருக்கும் முதலாவது கிடைக்க வேண்டும். படிவம் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். சுகர் நோயாளிகள், கண் மங்கலாக இருக்கும். வாசித்துக் காட்டி, வாசித்துக் காட்டியவரும் கையெழுத்திட வேண்டும்.

ஏஐ வேண்டாம் என்பவருக்கு நேராக வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும் வழி இருக்க வேண்டும். அதற்காக அவரைக் கடைசியில் உட்கார வைக்கக் கூடாது.

---

ஓபி_பொறுப்பு எழுதியது:

பெரிய உதவி. நிர்வாகத்திடம் அப்படியே வைக்கிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, படம் தெளிவில்லாதவர், சந்தேகம் வந்தவர் எல்லாரையும் அனுப்பினால் வாரத்தில் ஒரே நாள் வரும் டாக்டரால் சமாளிக்க முடியுமா? இரண்டு, பாப்பா விரியாதவர்களுக்கு நாங்களே சொட்டு மருந்து விடலாமா?

---

ரெட்டினா_அறை எழுதியது:

சமாளிக்கலாம், எல்லாரையும் ஒரே மாதத்தில் கூப்பிடாவிட்டால். ஒருவருக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான். 1,800 பேரைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 150, ஒரு நாளைக்கு 6 பேர், வாரம் 36. அதில் 15 சதவீதம் படம் வராது என்று வைத்தால் 5 பேர். மீதி 31 பேரில் மேலே போட்ட கணக்குப்படி சந்தேகம் வருவது 5. ஆக வியாழக்கிழமைக்கு 10 பேர், விருப்பப்பட்டு நேராக வருபவர்கள் ஓரிருவர். முதல் வருடம் கொஞ்சம் கூடும், ஏனென்றால் இதுவரை பார்க்காமல் சேர்ந்துபோன பாதிப்பு வெளியே வரும்.

பிறந்த மாதத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். பெரியவர்கள் பலரின் ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும், ஜனவரியில் கூட்டம் தாங்காது. சுகர் நோட்டுப் பதிவு எண்ணை வைத்துப் பிரியுங்கள். அந்த மாதத்தின் பெயரை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதிவிடுங்கள், அடுத்த வருடம் வீட்டில் இருப்பவர்களே ஞாபகப்படுத்துவார்கள். பத்து வருடத்துக்கு மேல் சுகர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரில் புரதம் போகிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள்.

அனுப்பியவர் உண்மையிலேயே டாக்டரைப் பார்த்தாரா என்பதற்கு ஒரு தனிப் பதிவேடு வையுங்கள். பெயர், அனுப்பிய தேதி, பார்த்த தேதி, டாக்டர் சொன்னது என நான்கு கட்டம் போதும். மூன்றாவது கட்டம் இரண்டு வியாழக்கிழமை காலியாக இருந்தால் போன். போனுக்கு வராதவர்களை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் ஊழியரிடம் சொல்லிப் பாருங்கள், அவர்களுக்குத் தெரு தெரியும்.

சொட்டு மருந்து: டாக்டரின் எழுத்து உத்தரவு இருந்தால், பயிற்சி உள்ளவர் விடலாம். ட்ராபிகமைடு ஒரு சொட்டு, 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். விடுவதற்கு முன் டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கிடைமட்டமாக அடித்துப் பாருங்கள். கருவிழியின் மூக்குப் பக்கப் பாதியில் நிழல் விழுந்தால் கண்ணின் முன்பக்க அறையின் ஆழம் குறைவு. அவருக்கு மருந்து விட்டால் கண் அழுத்தம் திடீரென்று ஏறலாம். விடாதீர்கள், டாக்டரிடம் விட்டுவிடுங்கள். மருந்து விட்டவருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கும், வெயில் கூசும். ஸ்கூட்டரில் தனியாக வந்தவருக்கு அன்று விடாமல், துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி வேறு நாள் கொடுங்கள். அன்று வீட்டுக்குப் போனதும் "கண்ணு கூசுது, வலி தாங்கல, வாந்தி வருது" என்று போன் வந்தால் எடுக்க ஒரு நம்பர் அந்தச் சீட்டிலேயே இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகும் அந்த நம்பரை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.